அஞ்சு நாள் ஓடின படம்

உள்ள வா அம்மிணி. செருப்பை வெளிய விடாத, உள்ள கொண்டாந்து விடு. இந்தத் தெருவுல போன மாசம் மட்டும் ரெண்டு ஜோடி காணாமப் போச்சு. நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்றாங்க. நாய் எதுக்குக் கண்ணு ஜோடியாத் தூக்கிட்டுப் போகுது?

அந்த நாற்காலில உக்காரு. பையைக் கீழ வை. உள்ள என்ன, கம்ப்யூட்டரா? சரி, சரி. மொதல்ல ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. உன்னைக் கோபியிலிருந்து எம்பட நங்கை அனுப்பிவெச்சாளா? நங்கைன்னா எங்கூட்டுக்காரரோட அக்கா. பூவாத்தாள்னு பேரு. இல்லையா? தலையாட்டுனாப் போதாது, வாயத் தொறந்து சொல்லு. இவ்வளவு மெதுவாப் பேசுனா எனக்கு எப்படிக் கேக்கும்? காலேஜுல வாத்தியாரு கேள்வி கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவியா?

கோவிச்சுக்காத. ஏன் கேக்கறேன்னா, முந்தாநேத்துத்தான் அவ மக ரத்தினா போன் பண்ணுனா. "அத்தை, எங்கம்மாவுக்கு நடை தளந்துபோச்சுங்க. ஞாயித்துக்கெழம அண்ணன் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. அப்பறம் இந்தப் பக்கம் வரவே முடியாது. போறதுக்கு முன்னால பொறந்த வீட்டை ஒருக்காப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்குறாங்க. கூட்டிட்டு வரட்டுங்களா?"ன்னு கேட்டா. யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சுட்டேன். இன்னைக்கு மத்தியானம் மறுபடியும் கூப்பிடறேன்னிருக்கா. இந்த நேரம் பாத்து நீ வந்து நிக்கற. முப்பத்தொம்பது வருசமா அந்தப் படத்தைப் பத்தி ஒருத்தரும் வந்து கேக்கல. நீ மட்டும் பஸ் ஏறி வந்து கேக்கற. சந்தேகம் வருமா வராதா?

என்ன பதில் சொல்லப் போறேன்னா கேக்கற? எம்பட கூறைச்சேலையைக் கொண்டாந்து இந்த முன்கூடத்து ஆசாரத்துல வெச்சுட்டு, அப்பறம் உள்ள வரட்டும்னு சொல்லப் போறேன். வேறென்ன சொல்றது?

கூறை எதுக்குன்னு பாக்கறியா? எல்லாம் ஒண்ணுதான் அம்மிணி. அந்தப் படமும், கூறையும், நங்கையும். தனித்தனியாச் சொல்ல எனக்கு வராது. மோர் குடி. உப்புப் போட்டிருக்கேன். வேற ஒண்ணும் போடல.

படம் பேரு தலைமறைவு ஜோடி. உனக்குத்தான் தெரியுமே. எம்பத்தஞ்சாம் வருசம், ஆனி மாசம். எனக்கு இருவத்திமூணு வயசு, கல்யாணம் ஆகி நாலு வருசம். ஒரு நாள் காலையில ரெண்டு வேனும் ஒரு லாரியும் வந்து வாய்க்கா மேட்டுல நிக்குது. மெட்ராஸ்ல இருந்து சினிமாக்காரங்க. எங்க பக்கம் சினிமா எடுக்கறது புதுசில்ல, ஆனா இவங்க பெரிய கம்பெனி மாதிரித் தெரியல. சோத்துப் பொட்டலமே எண்ணித்தான் குடுத்தாங்க. கதை என்னன்னா, லாரி கிளீனர் ஒருத்தன், பால் சொசைட்டி எழுத்தர் மக ஒருத்தி. ரெண்டு பேரும் சேந்து அவங்கப்பன் சொசைட்டியையே கொள்ளையடிச்சுட்டு ஓடிப்போறாங்க. அப்பறம் அங்க ஒரு கொள்ளை, இங்க ஒரு கொள்ளை. போலீசு தொரத்துது. இதுல நல்லவங்க யாருன்னு நான் கேட்டேன். எங்கூட்டுக்காரரு சொன்னாரு, "அதெல்லாம் புது மாதிரிக் கதை, உனக்குப் புரியாது."

எங்க வீடு வாய்க்காலுக்குப் பக்கமா இருக்கறதால மாட்டுக் கொட்டாயை மேக்கப் போடறதுக்குக் கேட்டாங்க. கதாநாயகி துணி மாத்தறதுக்கு இந்த உள் ரூமைக் கேட்டாங்க. எங்கூட்டுக்காரரு ரெண்டையும் குடுத்துட்டாரு. அது மட்டுமா? மாட்டு வண்டி வேணுமா, அவருதான். எளநி வேணுமா, அவருதான். மழை பெய்யற மாதிரி எடுக்கணுமா, எங்க கிணத்து மோட்டாருதான். பத்து நாளும் காட்டுப் பக்கம் போகல. "மஞ்சளுக்குத் தண்ணி கட்டோணுமே"ன்னு கேட்டா, "கலைக்கு ஒத்தாசை பண்றதும் ஒரு வேலைதான்"ன்னாரு. தெனமும் சவரம் பண்ணுனாரு. பவுடர் டப்பா ஒண்ணு வாங்கியாந்தாரு. "வேர்வை நாத்தம் அடிச்சா மெட்ராஸ்காரங்க நம்ம ஊரைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"ன்னு கேட்டாரு. ஊரு மானத்தைப் பத்தி அவ்வளவு கவலைப்பட்ட மனுசனை நீ பாத்திருக்க மாட்ட.

நான் ஏமாந்த ஆளில்ல கண்ணு. அத்தனை பேரு வந்து போற வீட்டுல ஒரு கண்ணு வெச்சுட்டேதான் இருந்தேன். மேக்கப்காரன் மேல சந்தேகம். லைட்டுத் தூக்கறவங்க மேல சந்தேகம். முக்கியமா அந்தக் கதாநாயகி, ஹேமசித்ரான்னு பேரு, அவ மேல எனக்கு மொத நாள்ல இருந்தே சந்தேகம். எங்க வெங்கலச் சொம்பை எடுத்து எடுத்துப் பாத்தா. பத்தொம்பது வயசு இருக்கும். ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா. ஒரு நாள் மத்தியானம் சமையல்கட்டுக்கே வந்துட்டா. "அக்கா, கொஞ்சம் ரசம் குடுப்பீங்களா? அம்மா ஞாபகமா இருக்குது"ன்னு கேட்டா. ஊத்துனேன். டம்ளரைப் புடிச்சுட்டு அழுதா. நடிக்கறாளோன்னு நெனைச்சேன். அவ போனதும் டம்ளரை எண்ணுனேன். சரியாத்தான் இருந்துச்சு.

நான் அவளையே பாத்துட்டு இருந்தேன் பாரு, அதுதான் தப்பாப் போச்சு. கள்ளி வீட்டுக்குள்ளயே இருந்திருக்கா.

நங்கை அப்ப மூணு வாரமா இங்கதான் இருந்தா. ஷூட்டிங் பாக்கறதுக்குன்னு வந்தவ. நல்லாத்தான் பழகுவா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தலை பின்னி விடுவா. நாங்க ரெண்டு பேரும் வாய்க்கா மேட்டுல உக்காந்து அந்தக் கதாநாயகன் ஓடறதைப் பாத்துச் சிரிப்போம். "ஏம்புள்ளை, இவன் ஓடற ஓட்டத்துக்குப் போலீசு எதுக்கு? எங்க மாமியா தொரத்துனாலே புடிச்சிருவா"ன்னு சொல்லுவா.

இப்பக் கூறைக்கு வரேன். உங்க பக்கம் எப்படியோ, எங்க கல்யாணத்துல இணைச்சீர்னு ஒண்ணு உண்டு. பொண்ணு கழுத்துல தாலி ஏறறதுக்கு முன்னால மாப்பிள்ளையும் அவரு கூடப்பொறந்தவளும் சேந்து பண்ற சீரு. பொண்ணுக்குன்னு எடுத்த கூறைச்சேலையைக் கொசுவி ஒரு முனையை மாப்பிள்ளை கையிலும் மறுமுனையை அக்கா கையிலும் குடுப்பாங்க. கட்டிக்கறவ வர்றதுக்கு முன்னால கூடப்பொறந்தவ இருந்தாங்கறதை மறக்கக் கூடாதுன்னு. எங்க கல்யாணத்துல இவரு ஒரு முனை, நங்கை ஒரு முனை. அப்பவே அவ வளையல் மாட்டி ஓரத்துல நூலு பிரிஞ்சு போச்சு. அரக்குச் சேலை. வீட்டுல அரக்கு நூலு இல்ல. எங்கம்மா அவசரத்துக்குப் பச்சை நூலுல தெச்சுக் குடுத்துச்சு. தாலி கட்டறப்ப அந்தப் பச்சைத் தையலையேதான் நான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அந்தச் சேலையைச் சும்மா எடுத்துக் கட்ட மாட்டோம். சீரு செனத்திக்குக் கட்டறது, கடைசியில நாம போறப்ப மேல போடறது. அவ்வளவுதான். அந்துருண்டை போட்டு, வெள்ளைத் துணியில சுத்தி, பொட்டிக்குள்ள வெச்சிருந்தேன். பொட்டிச் சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்கும். அது தெரிஞ்சவங்க மூணே பேரு. நான், எங்கூட்டுக்காரரு, நங்கை. அவரை விட்டுட்டா மிச்சம் யாரு? நீயே சொல்லு.

ஒம்பதாம் நாள் சாயங்காலம் வாய்க்கா மேட்டுல ஒரே சத்தம். அந்த ஜோடி கன்னிமார் கோயில்ல கல்யாணம் பண்ணிட்டு வெளிய வர்றப்பப் போலீசு சுடணும். அதுதான் கடைசி. அதுக்கு வாங்கியாந்த கல்யாணச் சேலை தகரம் மாதிரி மினுக்குது. டைரக்டரு சேலையைத் தூக்கி வீசறாரு. "கட்டிப் பழகின சேலை மாதிரி இருக்கணும்யா! ஒரு நெசமான பொம்பளையோட சேலை மாதிரி இருக்கணும்!"னு கத்தறாரு. அந்தப் பொண்ணு கல்லு மேல உக்காந்து அழுகுது. எல்லாரும் வேடிக்கை பாத்துட்டு வந்துட்டோம்.

அன்னைக்குச் சோறு திங்கறப்ப எங்கூட்டுக்காரரு கேக்கறாரு, "உன் கூறை பத்திரமா இருக்குதா? பூச்சி கீச்சி அரிக்கலயே?"ன்னு. நாலு வருசத்துல என் சேலையைப் பத்தி அவரு கேட்டதே இல்ல. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஆம்பளைக எவன் கண்ணு பொண்டாட்டி கூறையைப் பத்தி விசாரிப்பான்?

மறுநாள் விடிஞ்சதும் அவரு ஓடியாறாரு. "உங்கம்மாவுக்குக் காய்ச்சலாம். அந்தியூர்ல இருந்து ஆள் வந்து சொன்னாங்க. கெளம்பு, கெளம்பு"ன்னு அவரே பஸ் ஏத்தி விட்டாரு. நான் பதறியடிச்சுட்டுப் போறேன், எங்கம்மா கடலைக் காட்டுல களை வெட்டிட்டு நிக்குது. "காய்ச்சலா? எனக்கா? போன வாரம் மாரியம்மன் பண்டிகையில ரெண்டு கெடாயை ஒத்தையில சமைச்சேன்"னு சிரிக்குது. யாரோ பொய் சொல்லி இவரை ஏமாத்தியிருக்காங்க. யாரா இருக்கும்? என்னை வீட்டை விட்டு அனுப்பணும்னு யாருக்கு அவசியம்? என்னை விட்டா அப்ப வீட்டுல இருந்த பொம்பளை நங்கை ஒருத்திதான்.

நான் திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. லாரி கெளம்பிட்டு இருக்குது. அந்தப் பொண்ணு வேன்ல ஏறுறதுக்கு முன்னால என்கிட்ட ஓடியாந்து ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. "அக்கா, உங்க மனசு யாருக்கும் வராது"ன்னா. ரசத்துக்குச் சொல்றான்னு நெனைச்சேன். எங்கூட்டுக்காரரு ரெண்டு நாள் செவத்தைப் பாத்துட்டுக் கட்டில்லயே படுத்திருந்தாரு. பத்து நாள் அலைச்சல் பாரு. அசதி.

எட்டு நாள் கழிச்சுத் துணியெல்லாம் வெயில்ல போடலாம்னு பொட்டியைத் தொறந்தேன். வெள்ளைத் துணி மூட்டை இருக்குது. கையில எடுத்தா லேசா இருக்குது. பிரிச்சா, கூறை இல்ல! தடிமன் கொறஞ்சது தெரியாம இருக்கறதுக்கு எங்கூட்டுக்காரரோட பழைய வேட்டியை மடிச்சு வெச்சிருக்குது. கரையும் கரையும் சேத்து, சலவைக் கடையில இருந்து வந்த மாதிரி அவ்வளவு சுத்தமா மடிச்சு. பாரு அவ தைரியத்தை! தம்பி வேட்டியவே எடுத்துத் தம்பி பொண்டாட்டியை ஏமாத்தறா.

அன்னைக்கு எங்க மாமனாரு, பக்கத்து வீட்டு ஒறம்பரைச் சனம், எல்லாரும் இந்த ஆசாரத்துல இருந்தாங்க. நீ உக்காந்திருக்கற எடத்துலதான் நங்கை உக்காந்து அவரைக்காய் உரிச்சுட்டு இருந்தா. நான் நேராப் போய்க் கேட்டேன்.

"நங்கை, உங்க பையைக் காட்டுங்க."

"எம்பட பையையா? எதுக்கு?"

"என் கூறையைக் காணோம். கை சுத்தமா இருந்தாக் காட்டறதுக்கென்ன?"

அவளே எந்திரிச்சுப் போய்ப் பையைக் கொண்டாந்து இங்க தலைகீழாக் கொட்டுனா. ரெண்டு சேலை, ஒரு சீப்பு, எங்கூட்டுக் கொய்யாக்கா நாலு. கூறை இல்ல. இருக்குமா? அதுக்குள்ள எங்கயோ கைமாத்தி விட்டிருப்பா.

"நங்கை, திருடலைன்னா வாயத் தொறந்து திருடலைன்னு சொல்லுங்க"ன்னேன். சொல்லல அம்மிணி. ஒரு வார்த்தை சொல்லல. தம்பியைப் பாத்தா. அவரு இதா, இந்தக் கதவோரம் நிக்கறாரு. "தம்பி, அந்தக் கூறையை ஒரு முனை நீயும் ஒரு முனை நானும் புடிச்சுட்டு நின்னமே, நெனப்பிருக்குதா?"ன்னு கேட்டா. அவரு கீழ குனிஞ்சுட்டாரு. கூடப்பொறந்தவ இப்படிப் பண்ணிட்டாளேன்னு எவ்வளவு பாரம் இருந்தா அப்படிக் குனிஞ்சிருப்பாரு! குனிஞ்சபடியே, "அக்கா, நீ கெளம்பு"ன்னாரு. "சரி தம்பி"ன்னா. அவ்வளவுதான். கொய்யாக்காயை மட்டும் இங்கயே விட்டுட்டு மிச்சத்தை எடுத்துப் பையில போட்டுட்டுப் போனா. தப்புப் பண்ணாதவ சண்டை போட்டிருப்பாளா மாட்டாளா? நானா இருந்தா வீட்டைக் கூரையோட பிச்சிருப்பேன்.

அதுக்கப்பறம் இந்த வாசல்ல அவ கால் வெக்கல.

எங்கூட்டுக்காரரு மட்டும் வருசா வருசம் பொங்கலுக்குச் சீரு எடுத்துட்டுக் கோபிக்குப் போவாரு. "திருடிக்குச் சீரா?"ன்னு கேப்பேன். மத்த எல்லாத்துலயும் எம்பட பேச்சைக் கேட்ட மனுசன் அந்த ஒண்ணுல மட்டும் கேக்கல. காய்ச்சலோட போயிருக்காரு. மழையில நனைஞ்சு போயிருக்காரு. ஒரு வருசம் விடல. அவ்வளவு பெரிய மனசு.

படமா? நான் எங்க பாத்தேன்! கோபியில அஞ்சு நாள் ஓடுச்சு. ஊரே போச்சு. "அது பொம்பளைக பாக்கற படமில்ல, ரத்தமா ஊத்துது, உனக்கு ஆகாது"ன்னு என்னைக் கூட்டிட்டுப் போகல. அவரு மட்டும் மூணு தடவை போய்ப் பாத்தாரு. நம்ம மோட்டார் மழை நல்லா வந்திருக்குதான்னு பாக்கப் போனாராம். அதோட படப்பெட்டி திரும்பிப் போயிருச்சு. அந்தப் பொண்ணும் அப்பறம் எந்தப் படத்துலயும் வரல.

அவரு போயி ஆறு வருசமாச்சு. அன்னைக்கு நங்கை வந்தா. வந்து அந்த வேப்பமரத்தடியில நின்னா. உள்ள வாங்கன்னு நான் சொல்லல. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எனக்குப் பிடிவாதம். அவரைத் தூக்கிட்டு வெளிய வந்தப்பத் தெருவுலயே அவரு மேல கோடித் துணியைப் போட்டா. குனிஞ்சு காதுல என்னமோ சொன்னா. என்ன சொல்லியிருப்பா? செத்தவருகிட்டப் போய் மன்னிப்புக் கேட்டிருப்பா. உசுரோட இருக்கறவகிட்டக் கேக்கத் தெரியல.

சரி, நீ அந்தக் கம்ப்யூட்டரைத் தொற. படம் இதுக்குள்ள இருக்குதா? மஸ்கட்ல யாரோ வெச்சிருந்த கேசட்டா? மஸ்கட்காரனுக்கு எதுக்கு எங்க வாய்க்கா? சரி, போடு. நடுவுல உள்ளதெல்லாம் வேண்டாம். எனக்கு எங்க ஊரு வர்றதை மட்டும் காட்டு.

ஐய, என்ன இப்படிப் புழுதி அடிச்ச மாதிரி இருக்குது? ஆ, இது எங்க கொட்டாய்! எங்க செவலை மாடு! மோட்டார் மழை பாரு, எப்படி ஊத்துது. மஞ்சளுக்குப் போக வேண்டிய தண்ணி. இந்தக் கதாநாயகன் ஓடறான் பாரு, நங்கை சொன்னது சரிதான், இவனைப் புடிக்கப் போலீசு எதுக்கு?

இது கன்னிமார் கோயிலு. மாலை மாத்தறாங்க. ஏம்மா இவ்வளவு இருட்டா... கொஞ்சம் நிறுத்து. நிறுத்துன்னேன்.

இந்தச் சேலை.

இல்ல, அரக்குச் சேலை ஊரு பூரா இருக்கும். ஓட்டு. சுடறானுக. விழுந்துட்டா. ஐயோ, சேலையெல்லாம் ரத்தச் சாயம். கையும் சேலை முனையும் தண்ணிக்குள்ள தொங்குது. இங்க நிறுத்து. இதைப் பெருசு பண்ண முடியுமா? அந்த ஓரம். இன்னும். இன்னும்.

பச்சை. பாத்தியா, பச்சைப் புழு மாதிரி? எங்கம்மா தையலு. எங்கம்மா தையலு அம்மிணி.

அப்ப நான் சொன்னது சரிதானே? சினிமாக்காரங்களுக்கே எடுத்துக் குடுத்திருக்கா! என் கூறையை! செத்துப்போறவளுக்குக் கட்டறதுக்கு! டைரக்டரு கத்துனப்ப அவளும்தானே என் பக்கத்துல நின்னு கேட்டா? என்னை அந்தியூருக்கு அனுப்பிட்டு, சாவி எடுத்து... இன்னைக்கு ரத்தினா கூப்பிடட்டும். வாய்க்காத் தண்ணியில நனைஞ்ச கூறைக்குப் பதில் சொல்லிட்டு வரச் சொல்லறேன்.

ஓட்டு, ஓட்டு. மிச்சம் என்ன? ஊர்ச் சனம் வந்து பொணத்தைச் சுத்தி நிக்குது. எல்லாம் எங்க ஊருக்காரங்கதான். இவன் எண்ணெய்க் கடைக்காரன். இது எங்க மாமனாரு. எல்லாரும் கேமராவைப் பாத்துப் பல்லைக் காட்டறாங்க பாரு, பொணத்துக்கு முன்னால! கேமராவைப் பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பாங்க.

இவரு பாக்கல. இதா, இந்தக் கோடியில, வெள்ளைச் சட்டை. எங்கூட்டுக்காரரு. தானும் இதுல இருக்கறதா அவரு சொல்லவே இல்லையே! எவ்வளவு ஒல்லி. பவுடர் போட்டிருக்காரு. இவரு ஒருத்தருதான் கேமராவைப் பாக்கல. நல்லா நடிச்சிருக்காரு. அழுகறாரு பாரு. அழச் சொல்லியிருப்பாங்க. இவங்கப்பா செத்தப்பக்கூட அழாத மனுசன் கண்ணு இவரு.

கூறையைத்தான் பாத்திருப்பாரு. நம்ம கூறையாச்சே இதுன்னு பதறியிருப்பாரு. என்கிட்டச் சொன்னா மனசு ஒடஞ்சிருவேன்னு மறச்சுட்டாரு. அதுக்குத்தான் என்னைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போகல. தங்கமான மனுசன்.

ஏன் தலையைக் குனிஞ்சுக்கற? நீ என்னமோ நெனைக்கற. சொல்லேன். சரி, சொல்லாத.

இன்னொருக்காப் போடு. அவரு வர்ற எடம் மட்டும்.

நிறுத்து. கூறை இங்க கெடக்குது, தண்ணிக்குள்ள. இந்தப் பக்கம். இவரு கண்ணு இந்தப் பக்கம் இல்ல. இங்க இருக்குது. அந்தப் பொண்ணு மூஞ்சி மேல.

சரி. மூடிரு அதை.

மோரு அப்படியே இருக்குதே. குடி. உப்பு அதிகமா?

அந்த வேட்டி சொன்னேன்ல. கரையும் கரையும் சேத்து மடிச்சு... பொம்பளைக யாரும் வேட்டியை அப்படி மடிக்க மாட்டோம் அம்மிணி. நான் மடிக்க மாட்டேன். நங்கை துணியைச் சுருட்டித்தான் வெப்பா, பையைக் கொட்டுனப்பப் பாத்தேனே, ரெண்டு சேலையும் சுருட்டி இருந்துச்சு. இந்த வீட்டுல அப்படி மடிக்கறது...

வெயிலு இன்னைக்கு ஜாஸ்தி.

கூறைக்கு ரெண்டு முனை இருந்துச்சு. நான் ஒரு முனையவே பாத்துட்டு இருந்துட்டேன்.

போன் அடிக்குதா? ரத்தினாவாத்தான் இருக்கும். அடிக்கட்டும். இல்ல, எடு. நீயே எடுத்துக் குடு. பச்சையைத் தள்ளணும்.

"ஆமா, அத்தைதான் பேசறேன். யோசிச்சுட்டேன். கூட்டிட்டு வா. ஞாயித்துக்கெழமை பெங்களூர் கெளம்பறதுக்கு முன்னால, சனிக்கெழமை காலையிலயே கூட்டிட்டு வா. ஒரு ராத்திரி தங்கிட்டுப் போகட்டும். கார்ல இருந்து எறக்கறதுக்கு ஆள் வேணும்னா நானே புடிச்சுக்கறேன்... கூறையா? அதை யாரு இப்பக் கேட்டா? நான் கேக்கல. நீயும் அந்தப் பேச்சை எடுக்காத... எனக்கு ஒண்ணும் ஆகல. குரலு நல்லாத்தான் இருக்குது. சளி. உங்கம்மா இப்ப என்ன திங்கறா? அவரைக்கொட்டை போட்ட உப்புமா புடிக்குமில்ல... பக்கத்துல இருக்குறாளா? வேண்டாம், வேண்டாம், குடுக்காத. நேர்ல பேசிக்கறேன். வெச்சுடு."

கெளம்பறியா? இரு, செருப்பு இருக்குதா பாத்துக்க. இதா, இந்தக் கொய்யாக்காயைப் பையில போட்டுக்க. கழுவித் தின்னு.

அம்மிணி, ஒரு ஒத்தாசை. இந்தப் படத்தை எல்லாரும் பாக்கற மாதிரி எங்கயோ போடப் போறேன்னியே. இப்பப் போடாத. அவ பேரன் பேத்திக எல்லாம் போனும் கையுமாத்தான் திரியும். பாட்டி பொறந்த ஊரு வருதுன்னு கொண்டுபோய்க் காட்டிருவாங்க. அவ கண்ணுல படக் கூடாது. தம்பின்னா அவளுக்கு உசுரு. இத்தனை வருசமா ஒண்ணுந் தெரியாம இருந்துட்டா. இந்த வயசுல போய் இதைத் தெரிஞ்சுக்கிட்டா, பாவம், தாங்க மாட்டா.